தெற்குத் தெருவில் கொப்புளம் எழும்பவில்லை

போன வாரம் உங்கள் பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். புதுப்புது வைரஸ்கள், அவற்றுக்குப் புதுப்புதுத் தடுப்பூசிகள், ரத்தத்தை எடுத்து எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அளக்கும் முறைகள் என்று அந்த இளம் டாக்டர் திரையில் படம் படமாகக் காட்டிக்கொண்டே போனார். எல்லாம் புரிந்த மாதிரி நான் தலையாட்டினேன். எனக்கு முன்னால் இருந்த உங்களில் பாதிப் பேரும் அப்படித்தான் ஆட்டினீர்கள். பின்னால் இருந்து பார்த்தால் தெரியும், பிள்ளைகளா.

டீ குடிக்கும்போது உங்களில் ஒரு பெண் வந்து கேட்டாள். "மேடம், உங்க காலத்துல லேப் வசதியே கிடையாதே. தடுப்பூசி வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கையப் பாப்போம்மா" என்றேன்.

பெரிய மனுஷி ஏதோ தத்துவம் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள். தத்துவமெல்லாம் இல்லை. கையைத்தான் பார்த்தோம். அப்படிப் பார்த்ததில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். என் மானம் போன கதை என்பதால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. வடக்கே பெரியம்மை தன் கடைசி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. நம் பக்கம் ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் தூத்துக்குடி துறைமுக ஊர். எந்தக் கப்பல் எதைக் கொண்டுவரும் என்று யாருக்குத் தெரியும்? நான் நர்ஸ் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாசரேத்துப் பக்கத்துப் பெண். வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, மடிப்புக் கலையாத பை, பைக்குள் ஒரு பாட்டில் ஸ்பிரிட், பஞ்சு. சுத்தம் என்றால் நான், நான் என்றால் சுத்தம். இப்போது உங்களில் சிலர் கையுறையை மாட்டிக்கொண்டு போனில் பேசுவதைப் பார்த்தால் எனக்கு வருகிற கோபம் அந்தக் காலத்து மிச்சம்தான்.

புன்னைக்காயலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மீனவர் ஊர். பேர் சொல்ல மாட்டேன். அந்த ஊர் ஆள் ஒருவர் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் வேலை பார்த்தவர். துறைமுகத்தில் இறங்கி, ஊரில் தங்கை லூர்தம்மாள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். காய்ச்சல். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் கொப்புளம். டவுனில் தனி வார்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். ஊரார் பெரிய டாக்டர் என்று சொல்லும் எங்கள் ஹெல்த் ஆபீசர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சின்னம்மை மாதிரிதான் தெரியுது. ஆனா கல்கத்தாவிலேர்ந்து வந்த ஆளு. என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றார். கொப்புளத்திலிருந்து சுரண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். பதில் வர பத்துப் பதினைந்து நாளாகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஊர் முழுக்க அம்மைப்பால், அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்து, குத்தவேண்டும்.

இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒன்று நான். இன்னொருவர் வருடக்கணக்காக அம்மை குத்திவந்த பழைய வாக்ஸினேட்டர் அண்ணாச்சி. வெற்றிலைச் சாறு படிந்த சட்டை, காதில் செருகிய பென்சில், பித்தான் போன பை. கோயிலுக்கு வடக்கே இருந்த தெரு அவருக்கு, தெற்குத் தெரு எனக்கு. மருந்து ஒரே பெட்டி. பாதி அவர் எடுத்துக்கொண்டார், பாதி நான்.

நுனி இரண்டாகப் பிளந்த சின்ன ஊசி ஒன்று உண்டு. அதைக் கரைத்த மருந்தில் தொட்டு, மேற்கையில் பதினைந்து தடவை டக்டக்கென்று குத்தவேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் ஒவ்வொரு கையையும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அழுந்தத் துடைத்தேன். பஞ்சு கறுத்து வந்தது. அந்தக் கறுப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம். துடைத்த கை காய்வதற்குள் குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அண்ணாச்சி துடைக்கவே இல்லை. சட்டைக் கையைத் தூக்கு, குத்து, போ.

"என்ன அண்ணாச்சி, கையத் தொடைக்காமக் குத்துதீங்க?"

"கடத்தண்ணியிலயே ஊறிக் கெடக்க கை, பிள்ள. இதவிட என்னத்த சுத்தம்?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனார். இந்த மனிதருக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

தெற்குத் தெருவில்தான் லூர்தம்மாள் வீடு. அண்ணனுக்கு வியாதி என்று தெரிந்ததிலிருந்து அக்கம்பக்கத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தைத் தனியாக வைக்கச் சொல்லியிருந்தார்கள். மடியில் எட்டு மாதக் குழந்தை. வந்த மாமன் அந்த இரண்டு நாளும் அதைத் தூக்கித்தான் வைத்திருந்தாராம். குழந்தையின் கையைத் துடைத்து, குத்தி, அவளிடம் சொன்னேன்: "இனிமே பயமில்லம்மா. நிம்மதியாத் தூங்கு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை ஒரு மெடல் மாதிரி குத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

தெற்குத் தெருவில் ஒரு ஆள் விடவில்லை என்று அன்றைக்கே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். அடியில் அழகாகக் கோடுகூடப் போட்டிருந்தேன்.

இப்போது கையைப் பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். அம்மைப்பால் பிடித்திருந்தால் மூன்று நான்கு நாளில் குத்தின இடம் சிவந்து தடிக்கும். ஏழாம் நாள் முத்து மாதிரி ஒரு கொப்புளம் நிற்கும். அது நின்றால் ஆள் தப்பித்தான். நிற்காவிட்டால் குத்தியதும் ஒன்று, குத்தாததும் ஒன்று. முன்பே குத்திக்கொண்ட பெரியவர்களுக்கு இது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. முதல் தடவை குத்திக்கொள்ளும் பிள்ளைகளின் கை பொய் சொல்லாது.

ஏழாம் நாள் போனோம். வடக்குத் தெருவில் அண்ணாச்சி வீடு வீடாகப் போய் "பழுத்திருக்கு, பழுத்திருக்கு" என்று கூவிக்கொண்டே டிக் போடுவது எனக்குக் கேட்டது. நான் முதல் வீட்டுப் பிள்ளையின் கையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சரி, ஒன்று தவறும். இரண்டாவது வீடு. ஒன்றுமில்லை. மூன்றாவது, நான்காவது. குத்தின தடம்கூட மறைந்து, கை வழவழவென்று இருந்தது. ஐந்தாவது வீட்டில் பிள்ளையின் மறுகையையும் தூக்கிப் பார்த்தேன்.

இன்னாசியம்மாள் எதிரே வந்தாள். மீன் ஏலத்தில் அவள் குரலை மீறி வேறு குரல் கேட்காது என்பார்கள். இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள்.

"நர்சம்மா, இங்கன பாருங்க. மூத்தவன் அன்னைக்கு வடக்குத் தெருவுல எங்க அக்கா வீட்டுல கெடந்தான். அண்ணாச்சிதான் குத்துனாரு. எப்படிப் பொங்கிருக்கு பாத்தியளா? இவ எங்கூட இருந்தா. நீங்க குத்துனிய. ஒண்ணையும் காணோமே?"

"மருந்து கெட்டுப்போயிருக்கும்மா. வெயில்ல…" என்று இழுத்தேன்.

"ஒரே டப்பாவப் பிரிச்சித்தான ரெண்டு பேரும் எடுத்திய? நாந்தான் பாத்துட்டு நின்னேனே."

அவள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நேரத்தில் 'நர்சம்மா' என்கிற மரியாதை போய்விட்டது.

"ஏளா, அவரு தொடைக்கல. நீ தொடச்ச. அதான் வித்தியாசம்."

இன்றைக்கு நீங்கள் ஒரு கூட்டத்துக்கு இப்படி, இன்னொரு கூட்டத்துக்கு அப்படி என்று பிரித்து வைத்து, வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்துப் பட்டம் வாங்குகிறீர்கள். அவள் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைத்து அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். பட்டம் யாரும் கொடுக்கவில்லை.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மீன் விற்கிறவளுக்கு என்ன தெரியும் என்று. பிறகு கோயில் சுவரோரம் போய் உட்கார்ந்து, பையிலிருந்து என் பயிற்சி நோட்டை எடுத்தேன். அம்மைப்பால் குத்தும் முறை என்று சிவப்பு மையில் தலைப்பு. அதன் கீழே, "கையில் அழுக்கு இருந்தால் வெறும் தண்ணீரால் துடைத்துக் காயவிடவும். ஸ்பிரிட் உபயோகிக்கக் கூடாது. ஈர ஸ்பிரிட் மருந்திலுள்ள உயிர்க்கிருமியைக் கொன்றுவிடும்; அது செத்தால் மருந்து பிடிக்காது." முத்து முத்தான கையெழுத்து. என்னுடையது. எழுதும்போதே இதெல்லாம் அரைகுறைகளுக்குச் சொல்வது என்று நினைத்திருப்பேன்.

நிம்மதியாகத் தூங்கு என்று நான் சொன்ன பெண் எதிர்ச்சாரியில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகத்தைக் காட்டாமல் பஸ்ஸுக்கு ஓடினேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். ஓடினேன்.

ஆபீஸில் ஹெல்த் ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவரில்லை. மேலதிகாரிகளிடம் நிறைய ஏச்சு வாங்கிக் களைத்த மனிதர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, ரிப்போர்ட்டு மேல போயாச்சி. இன்னும் ஏழெட்டு நாள்ல ரிசல்ட் வந்துரும். சின்னம்மைன்னு வந்துட்டுதுன்னா ஒனக்கும் ஒண்ணுமில்ல, எனக்கும் ஒண்ணுமில்ல, அந்த ஊருக்கும் ஒண்ணுமில்ல. இப்பப் போயி நாங்க குத்துனது செல்லாதுன்னு சொன்னா, நாளைக்கி ஒருத்தனும் கைய நீட்ட மாட்டான். யோசிச்சிப் பேசு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். தப்பான யோசனை தப்பான முகத்தோடு வந்தால் யாரும் ஏமாறமாட்டோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு குரல் "சார் சொல்லிட்டாரு, நீ வீட்டுக்குப் போ" என்று ஆசையாகக் கூப்பிட்டது.

"சார், பெரியம்மைன்னு ரிசல்ட் வந்தா?"

அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார். "ஜீப்பு ரிப்பேரு. பஸ்ஸுல போ."

எழுத்தில் அனுமதி கிடைக்காத வேலைகளுக்கு அனுமதி இப்படித்தான் கிடைக்கும். பழகிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் பஸ்ஸில் என் இருக்கைக்குப் பின்னால் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். "நானும் வாறேன். ஒன்ன ஒருத்தரும் அடிச்சிரக் கூடாதுல்லா."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "அண்ணாச்சி, ஸ்பிரிட் போடக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"யாருக்குத் தெரியும்? எம் பாட்டில் போன வருசமே ஒடஞ்சி போச்சி. புதுசு கேட்டு எழுதிக் குடுக்கச் சோம்பல்." அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. ஒரு ஊரின் பாதியை அவருடைய சோம்பல் காப்பாற்றியது. மறுபாதியை என் சுறுசுறுப்பு நடுத்தெருவில் நிறுத்தியது. இதைக் கேட்டுவிட்டு உங்களில் யாராவது சோம்பேறியாக இருக்க முடிவு செய்தால் நான் பொறுப்பில்லை. அண்ணாச்சிக்கு அதிர்ஷ்டம் அடித்தது, அவ்வளவுதான்.

முதலில் லூர்தம்மாள் வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லாமல் ஊரிடம் சொல்வது சரியில்லை என்று பட்டது. சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. "அப்போ இந்த ஏழு நாளும்?" என்று மட்டும் கேட்டாள். "இப்பக் குத்துதேம்மா, இந்தத் தடவ சரியாக் குத்துதேன்" என்றேன். தண்ணீர் தொட்டுத் துடைத்து, காயும்வரை குழந்தையின் கையை ஊதிக்கொண்டே இருந்தேன். அது சிரித்தது. காய்ந்ததும் ஒன்று ஒன்றாக எண்ணிக் குத்தினேன்.

பிறகு கடற்கரைக்குப் போனேன். மரங்கள் கரையேறி, ஏலம் முடிகிற நேரம். கட்டுமரத்தை அந்தப் பக்கம் மரம் என்றுதான் சொல்வார்கள். கூட்டம் கலைவதற்குள் சத்தமாகச் சொன்னேன். "தெற்குத் தெருக்காரங்க கொஞ்சம் நில்லுங்க. போன வாரம் நான் குத்துனது பிடிக்கல. மருந்து நல்ல மருந்துதான். நான் ஸ்பிரிட்டப் போட்டுத் தொடச்சதுல மருந்து செத்துப் போச்சி. தப்பு என்னோடது. மறுபடி குத்தணும்."

கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தார். "என்ன, உடங்குடிக் கருப்பட்டியா? போன வாரத்துச் சரக்கு சரியில்ல, மாத்தித் தாரேங்குதியோ?" சிரிப்பு. அது நல்ல சிரிப்பு இல்லை. இன்னொருவர், "இந்த வாரம் குத்துறது மட்டும் பிடிக்கும்னு என்ன நிச்சயம்?" என்றார். "அந்த மனுசனுக்கு வந்தது என்னன்னே இன்னும் தெரியலியாம். எல்லாம் சும்மா" என்று ஒரு குரல். வடக்குத் தெரு ஆட்களும் தங்கள் கைகளைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய டாக்டர் சொன்னது நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

இன்னாசியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "ஏலே, அவ வராம இருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்காது. வந்து சொல்லுதா. கேளு." பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு நெற்றியில் வியர்க்கிற அளவுக்கு ஏசினாள். வெள்ளைச் சேலையில் தொடங்கி என்னைப் படிக்கவைத்தவர்கள்வரை ஒருவரையும் விடவில்லை. ஏசி முடித்ததும் மகளை முன்னால் தள்ளினாள். "இந்தத் தடவ பாட்டில வெளிய எடுத்தியோ, கடல்ல தூக்கிப் போட்டுருவேன்."

அன்று பொழுது சாய்வதற்குள் தெற்குத் தெரு முழுக்க மறுபடி குத்தினோம். இரண்டு வீடுகள் மட்டும் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. அந்தக் கதவுகளை இன்னும் மறக்கவில்லை. நான் தப்பு செய்யாமல் இருந்திருந்தால் அவை திறந்திருக்கும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்காம் நாள் ஊரிலிருந்து ஆள் வந்தது. லூர்தம்மாள் குழந்தைக்குக் காய்ச்சல், உடம்பில் கொப்புளம்.

அந்தப் பஸ் பயணத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆத்தூர்ப் பாலம் வந்ததும், ஆறுமுகநேரி உப்பளங்கள்வரை இறங்காமல் அப்படியே போய்விடலாமா என்று நினைத்தேன். இறங்கினேன். குழந்தையை வெளிச்சத்தில் கிடத்திப் பார்த்தேன். பெரியம்மை என்றால் முகத்திலும் கை கால்களிலும் அதிகம், எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மை என்றால் வயிற்றிலும் முதுகிலும் அதிகம், ஒன்று இப்போதுதான் எழும்பும், ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். பாடம் எனக்கு மனப்பாடம். ஆனால் என் நோட்டில் இருந்த பாடத்தை நான் எப்படிப் படித்தேன் என்று எனக்கே தெரியுமே. குழந்தையின் வயிற்றில்தான் அதிகம் என்று கண் சொன்னது. அப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவதால் அப்படித் தெரிகிறதோ என்று மனம் சொன்னது.

"என்னது நர்சம்மா?" என்றாள் லூர்தம்மாள்.

"தெரியல" என்றேன். பதினொரு நாளைக்கு முன்னால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது. "சின்னம்மை மாதிரித்தான் தெரியுது. ஆனா என்னய மட்டும் நம்பாத. பெரிய டாக்டரக் கூட்டிட்டு வாறேன். அதுவர நான் இங்கனதான் இருப்பேன்."

கூட வந்திருந்த அண்ணாச்சியை டவுனுக்கு அனுப்பினேன். ரிப்பேரான ஜீப் எப்படியோ சரியாகி வந்தது. டாக்டர் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பார்த்து, கடைசியில் மூச்சு விட்டார். சின்னம்மை. மாமன் கொண்டுவந்தது அதுதான். குத்தின கையில் என் பதினைந்து குத்தும் சிவந்து தடித்திருந்தது. இந்தத் தடவை பிடித்துவிட்டது. இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்தும் அதே பதில் வந்தது. பெரியம்மை இல்லை.

டாக்டர் அந்தக் காகிதத்தை என் முன்னால் போட்டார். "பாத்தியா? பேசாம இருந்திருந்தா ஒரு ஈ காக்காய்க்கும் தெரிஞ்சிருக்காது. வீணா மானத்த வாங்கிக்கிட்ட."

"ஆமா சார்" என்றேன். உண்மைதானே. அதன்பிறகு அவர் ஒவ்வொரு ஏழாம் நாளும் தெருவுக்குப் பத்துப் பிள்ளைகளின் கையைத் தானே நேரில் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். என்னைக் கிண்டல் செய்வதையும் விடவில்லை. பக்கத்து ஆபீஸ்காரர்கள் வந்தால், "இது எங்க ஸ்பிரிட்டம்மா" என்று அறிமுகம் செய்வார்.

அந்த ஊருக்கு மறுபடி தடுப்பூசிப் பையோடு போகச் சில வருடங்கள் ஆயின. பெரியம்மை நாட்டைவிட்டே போய்விட்டது. பிள்ளைகளுக்குக் கக்குவான், தொண்டை அடைப்பான், ரணஜன்னி என்கிற டெட்டனஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி வந்திருந்தது. நான் போனால் ஊரே கதவைச் சாத்தும் என்று நினைத்து, வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அனுப்பவில்லை.

கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில் மேசையைப் போட்டேன். முதல் ஆளாக இன்னாசியம்மாள் வந்தாள். இடுப்பில் புதிதாக ஒரு மகன். ஊசியையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்கும் ஏழாம் நாளு கொப்புளம் வருமா?"

"வராது. வெளிய ஒண்ணும் தெரியாது."

"அப்போ பிடிச்சிருக்கா பிடிக்கலியான்னு நான் எப்படிப் பாக்க?"

நான் உண்மையைச் சொன்னேன். "கையில பாக்க முடியாதும்மா. மருந்தக் கெடாம வச்சிருந்து, ஒழுங்காக் குத்துனா பிடிக்கும். அதத்தான் நான் செய்ய முடியும்."

பின்னால் நின்றவர்கள் அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையை மடியில் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தப்பாப் போச்சின்னா நீயே வந்து சொல்லிருவ" என்றாள். "குத்து."